செவலைக் குட்டிகளின் தகப்பன்

பறக்கையில் ரஷ்மியின் வீட்டுக்குப் பின்னால் நெல் போட்டு வைக்கும் பத்தயப்புரை ஒன்று இருந்தது. வயலெல்லாம் வீட்டு மனைகளாகப் போனபின் அதை இரண்டு அறையும் ஒரு அடுக்களையுமாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். அதில் ஷெர்லியைக் கொண்டுவந்து குடிவைத்தது ரஷ்மிதான்.

நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இருவரும் விலங்கியல் படித்தவர்கள். வகுப்பில் முதல் ஷெர்லி. பரீட்சைக்கு முந்தின நாள் ரஷ்மிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தேற்றி விட்டதும் ஷெர்லி. படிப்பு முடிந்ததும் ரஷ்மிக்கு ஸ்ரீனிவாசனுடன் கல்யாணமாயிற்று. அவனுடைய மாமா ஒருவரின் சிபாரிசில் தனியார் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கும் வேலையும் கிடைத்தது. ஷெர்லிக்குச் சிபாரிசு செய்ய யாரும் இல்லை. படகில் போகும் சகாயத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரையில் இருந்தாள். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள்.

ஒரு ஆடி மாதம் கடல் ஏறி அவள் வீட்டின் முன்சுவரைக் கொண்டுபோயிற்று. மறுவருடம் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் அவள் ரஷ்மிக்குப் போன் செய்தாள். ஸ்ரீனிவாசன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ரஷ்மி இரண்டு மூன்று நாள் கெஞ்சினாள். கடைசியில் அவன் அம்மா அழகம்மை ஒரு நிபந்தனை போட்டாள். இது சைவ வீடு, வளவுக்குள் மீனோ கருவாடோ வரக்கூடாது. ஷெர்லி சரி என்றாள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள் மோரும் காய்த் துவரனும் வைத்துச் சோறு தின்றாள். சகாயம் கரைக்கு வரும் நாட்களில் இருவரும் அவள் அக்காள் வீட்டுக்குப் போய் மீன் தின்றுவிட்டுக் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு திரும்புவார்கள். அப்படியும், பின்பக்கமிருந்து காற்று அடித்தால் அழகம்மை முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வாள்.

ஷெர்லி வரும்போது கூடவே ஒரு செவலைக் கடுவன் பூனையும் வந்தது. சகாயத்தின் வலைப்புரையில் பிறந்தது. படகு ஓட்டுகிறவனைக் கடற்கரையில் ஸ்ராங்கு என்பார்கள். அந்தப் பெயரையே சகாயம் அதற்கு வைத்திருந்தான். தலை பெரிதாக, ஒரு காது சண்டையில் கிழிந்து, மதில்மேல் நடக்கும்போது உண்மையிலேயே ஒரு அதிகாரத்தோடுதான் நடக்கும். சகாயம் கொச்சிப் பக்கம் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் ஆகும். மகன் அஜின் சென்னையில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். கடையிலிருந்து திரும்பும் ஷெர்லிக்கு வீட்டில் பேச்சுக்கு அந்தப் பூனைதான் இருந்தது. அதுவும் தயிர்ச்சோறு தின்னப் பழகிவிட்டது. மீதிக்கு எலி பிடித்துக்கொண்டது.

ஸ்ரீனிவாசன் ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவில் இருந்தான். திருவனந்தபுரத்திலிருந்த அவனுடைய மேலதிகாரி வீட்டில் பெர்சியன் பூனைகள் உண்டு. அங்கே ஒருமுறை போய்விட்டு வந்தபின் ஸ்ரீனிவாசனுக்கும் அந்த ஆசை வந்தது. கறுப்பும் செவலையும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக, பஞ்சுபோல் ரோமம் வைத்த பெட்டை ஒன்றை வாங்கி வந்தான். பிங்கி என்று பெயர். அதற்குக் கட்டில் போட்ட அறை, மீன் கலக்காத தனித் தீனி, வாரம் ஒரு குளியல். அவனுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸில் மகளின் படத்தைவிட பிங்கியின் படம்தான் அடிக்கடி வந்தது.

பருவத்துக்கு வந்ததும் பிங்கியை மார்த்தாண்டத்துக்குக் கொண்டு போனான். அங்கே பிரைட்டன் என்று ஒருவர் பெர்சியன் பூனைகள் வளர்த்து விற்கிறார். அவரிடம் தார் மாதிரிக் கறுப்பாக ஒரு கடுவன் இருந்தது. சில நாள் பிங்கி அங்கேயே இருந்துவிட்டு வந்தது. குட்டி போடுவதற்குள்ளேயே ஸ்ரீனிவாசன் ஆள் பார்த்துவிட்டான். மேலதிகாரிக்கு ஒன்று, சித்தப்பா மகனுக்கு ஒன்று, இன்னும் கேட்பவர்களுக்கு மிச்சம். எல்லாம் கறுப்பாகவோ பிங்கியைப் போலவோ இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து வந்த மறுநாள் மத்தியானம் அழகம்மை அடுக்களைக் கதவைச் சாத்த மறந்து உறங்கிவிட்டாள். பிங்கி வெளியே போய்ப் பின்மதிலில் உட்கார்ந்திருந்தது. மதிலின் மறுகோடியில் ஸ்ராங்கு வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. ஸ்ரீனிவாசன் வந்து பார்த்துப் பிங்கியைத் தூக்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான் நடந்தது.

பிங்கி மூன்று குட்டி போட்டது. ஒன்று கறுப்பு. மற்ற இரண்டும் நல்ல செவலை, அடிவயிற்றில்கூட வேறு நிறம் கிடையாது. ரஷ்மி பள்ளி விட்டு வந்தபோது ஸ்ரீனிவாசன் அந்தப் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவனின் முகம் கோணிப் போயிருந்தது. தகப்பன் கறுப்பு, தாய் மூன்று நிறம், அப்புறம் முழுச் செவலை எங்கிருந்து வந்தது என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே பதிலும் சொன்னான். பின்னால் கிடக்கிறதே அதன் வேலைதான் இது. இனி மேலதிகாரி முகத்தில் எப்படி முழிப்பது என்றான். நல்ல இனம் கெட்டுப் போயிற்று என்றான். குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

அழகம்மை கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“பூட்டி வச்சு என்னத்துக்கு? கடப்புறத்துச் சாதனத்த வளவுக்குள்ள விட்டா இப்பிடித்தான் ஆகும்.”

பின்கட்டில் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஷெர்லிக்கு அது கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் அழகம்மையும் அத்தனை சத்தமாகச் சொன்னாள்.

மறுநாள் காலை ரஷ்மி துவைக்கிற கல்லுக்கு வந்தபோது ஷெர்லி அங்கே காத்து நின்றிருந்தாள். ஸ்ராங்கை ராத்திரியிலிருந்தே அறைக்குள் போட்டுப் பூட்டியிருப்பதாகச் சொன்னாள். உள்ளே அது கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“குட்டியளத் திருப்பிப் பாத்தியாட்டி?” என்று கேட்டாள்.

ரஷ்மி பார்த்திருந்தாள். செவலை இரண்டும் கடுவன், கறுப்பு பெட்டை என்றாள்.

ஷெர்லியின் முகம் தெளிந்தது. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு என்ன, கணக்கு முடிந்துவிட்டதே என்றாள்.

இருவருக்கும் தெரிந்த கணக்குதான் அது. இரண்டாம் வருடம் மரபியல் வகுப்பில் பூனைகளை வைத்தே அவர்களுக்குப் பாடம் நடந்திருந்தது. பூனையில் செவலை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் செவலையும் மற்றதில் கறுப்பும் இருந்தால் உடம்பில் இரண்டும் திட்டுத்திட்டாக வெளிப்படும். மூன்று நிறப் பூனைகள் அநேகமாக எல்லாம் பெட்டையாக இருப்பதும் அதனால்தான். கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அதுவும் தாயிடமிருந்து வந்தது. அதனால் ஒரு கடுவன் குட்டி செவலையா கறுப்பா என்பது தாய் கொடுத்த எக்ஸோடு முடிந்துவிடும். தகப்பன் என்ன நிறம் என்பதற்கு அங்கே வேலையே இல்லை. பெட்டைக் குட்டியின் விஷயம் வேறு. தகப்பன் தன்னிடமுள்ள ஒரே எக்ஸை அதற்குக் கொடுத்தே ஆகவேண்டும். தகப்பன் செவலை என்றால் அவனுடைய பெட்டைக் குட்டிகள் எல்லாவற்றின் உடம்பிலும் செவலை தெரியும். முழுக் கறுப்பாக ஒன்று பிறக்க வழியில்லை.

“பிங்கிக்க மேலயே செவலை கெடக்கு. ரெண்டு ஆம்பளக் குட்டிக்கும் அதுதான் குடுத்தது,” என்றாள் ஷெர்லி. “ஸ்ராங்கு அப்பன்னா அந்தக் கறுத்த பெட்டை பொறக்குமா? நீயே சொல்லு.”

“பொறக்காது,” என்றாள் ரஷ்மி. சொன்ன பிறகு துணியை அலசியபடியே மெல்ல இழுத்தாள். “ஆனா ஒரே ஈத்துல ரெண்டு அப்பன் உண்டும்லா ஷெர்லி? பூனைக்கு அப்பிடி நடக்கும்.”

ஷெர்லி அவள் பக்கம் திரும்பினாள்.

“நடக்கும். நான் இல்லன்னா சொன்னேன்? ஆனா செவலை நிறத்தப் பாத்து அதச் சொல்ல முடியாது. நீ உங்க வீட்டுக்காரர்ட்ட அத மட்டும் சொன்னாப் போரும். நிறத்தப் பாத்து எனக்க பூனையக் குத்தம் சொல்லாதீங்கன்னு.”

அவளே போய்ச் சொல்லலாம். ஆனால் வாடகைக்கு இருக்கிறவள் வாயாடுகிறாள் என்று ஆகிவிடும். ரஷ்மி வீட்டுக்காரி, டீச்சர், அவள் சொன்னால் எடுபடும் என்று ஷெர்லி நினைத்தாள். ரஷ்மியும் இன்றைக்கே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் ஆரம்பித்தாள். கடுவன் குட்டிக்கு நிறம் தாயிடமிருந்து வருவது என்றாள். ஸ்ரீனிவாசன் சோற்றைப் பிசைந்துகொண்டே காதில் வாங்கினான். பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடத்தைத் தன்னிடம் நடத்த வேண்டாம் என்றான். கண்ணால் பார்க்கிறேனே, அச்சு அசல் அந்தப் பூனையைப் போலவே வரி கிடக்கிறதே என்றான். ரஷ்மி கறுப்புக் குட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அந்தக் கடுவன் இதுக்குக் கிட்ட போகவே இல்லன்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா?”

“அத எப்பிடிச் சொல்ல முடியும்?”

“முடியாதுல்லா. அப்பம் பேசாத கெட.”

அழகம்மை மருமகளைப் பார்த்த பார்வையில் ஒரு திருப்தி இருந்தது. ரஷ்மிக்குச் சொல்ல இன்னும் இருந்தது. கேள்வியே தப்பு, நிறத்தை வைத்துத்தானே நீங்கள் குற்றம் சொல்கிறீர்கள், நிறம் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வாக்கியம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் தடங்கலில்லாமல் சொல்கிற வாக்கியம்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த மேஜையில் அவள் எதையும் இரண்டாம் தடவை சொன்னதில்லை. அவனுக்கு ரசம் ஊற்றினாள்.

அடுத்த நாள் ஷெர்லி வேலைக்குப் புறப்படும்போது ரஷ்மியை வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாவ?”

“கேட்டுக்கிட்டாவ.”

அதை ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் ரஷ்மி பலமுறை யோசித்தாள். சொல்ல முடியாமல் போயிற்று என்று தோழியிடம் ஒத்துக்கொள்ள வெட்கம், அவ்வளவுதான் காரணம். ஷெர்லி அதை நம்பினாள். ரஷ்மியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, திரும்பிப் போய் அறைக்கதவைத் திறந்துவிட்டாள். அடைபட்டுக் கிடந்த ஸ்ராங்கு வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெர்லி காலைத் திருப்பலிக்குப் போயிருந்தாள். ஸ்ரீனிவாசன் காய்கறி வாங்கி வருவதாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வடசேரிக்குப் போனான். திரும்பி வந்தவன் காய்ப்பையை முன்வாசலில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் வராமல் பக்கவாட்டு வழியாகப் பின்பக்கம் போனான். கையில் ஒரு சின்னக் கறுப்புப் பை இருந்தது. ரஷ்மி அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக மீன் வாடை வந்தது. சாளை மீனின் வாடை. கல்லூரி நாட்களில் ஷெர்லி வீட்டில் வயிறார வாங்கித் தின்ற மீன், அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

உள்ளறையிலிருந்து அழகம்மை, என்ன நாற்றம் அது, அவள் கொண்டுவந்து பொரிக்கிறாளா என்று கேட்டாள். அவள் வீட்டில் இல்லை என்று யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்ரீனிவாசன் உள்ளே வந்து குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினான். மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் சோப்புப் போட்டான்.

ரஷ்மிக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. அடுக்களைக் கதவைத் திறந்தால் பின்கட்டு. போய் ஒரு கம்பை எடுத்து அந்தப் பூனையை விரட்டிவிட்டிருக்கலாம். மீனை எடுத்துக் குப்பையில் போட்டிருக்கலாம். அவன் குழாயடியிலேயே நின்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு தேங்காயைத் திருவினாள். ஓடு தெரியும்வரை திருவினாள்.

ஷெர்லி வந்தபோது ஸ்ராங்கு பின்கட்டில் குளியலறைச் சுவரோரம் கிடந்தது. வாயில் நுரை தள்ளியிருந்தது, கால்கள் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. அவள் கத்தவில்லை. கோயிலுக்கு உடுத்த சேலையோடு அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை மிருக ஆஸ்பத்திரியில் யார் இருப்பார்கள்? ஆட்டோக்காரன் யாருக்கோ போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் மடியில் அது அடங்கிவிட்டது.

திரும்பி நடந்து வந்தாள். பூனையைப் படியில் கிடத்திவிட்டு, அது கிடந்த இடத்தைப் போய்ப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். ரஷ்மி அடுக்களை வாசலில் நின்றாள்.

“சாளைத் தல கெடக்கு,” என்றாள் ஷெர்லி. “இந்த வளவுக்குள்ள நான் ஒரு நாளும் மீன் கொண்டு வந்ததில்ல.”

ரஷ்மி தேங்காய்ப்பூ ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தாள்.

“கேட்டுக்கிட்டாவன்னு சொன்னியே. அதனாலதானே நான் அதத் தொறந்து விட்டேன்.”

“சொல்லத்தான் செய்தேன் ஷெர்லி. முழுசாச் சொல்ல விடல்ல.”

சத்தம் கேட்டு ஸ்ரீனிவாசன் வெளியே வந்தான். மருந்து தின்ற எலி எதையாவது தின்றிருக்கும், வயலோரம் எல்லாரும் மருந்து வைக்கிறார்கள் என்றான். அவன் பேசும்போது ஷெர்லி அவனைப் பார்க்கவே இல்லை. ரஷ்மியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தென்னை மூட்டில் குழி வெட்டட்டுமா என்று ஷெர்லி கேட்டபோது, வளவுக்குள் புதைக்க வேண்டாம் என்று அழகம்மை உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள்.

சகாயம் உடுத்துப் பழசான சாரம் ஒன்றில் பொதிந்து, அதே ஆட்டோவைக் கூப்பிட்டு அதில் வைத்து, கடற்கரைக்குக் கொண்டு போனாள். அவர்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது பாறாங்கல் அடுக்கியிருக்கிறார்கள். கல்லுக்கு இந்தப்புறம் கொஞ்சம் மணல் மிச்சமிருந்தது. அங்கே அவளும் ஆட்டோக்காரனுமாகக் குழி எடுத்தார்கள். சகாயம் நடுக்கடலில் இருந்தான். அவனுக்குச் சொல்ல வழியில்லை.

அவன் கரைக்கு வந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். சாவி கொடுக்க சகாயம் முன்வாசலுக்கு வந்தான். சண்டைக்கு வருவான் என்று நினைத்து ஸ்ரீனிவாசன் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தான். சகாயம் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, படி ஏறாமல், முற்றத்திலேயே நின்றான்.

“சார், பூனை வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொண்டு போயிருப்பேன்.”

“நான் ஒண்ணும் செய்யல்ல,” என்றான் ஸ்ரீனிவாசன்.

சகாயம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு சாவியைப் படியில் வைத்தான். வேனில் சாமான் ஏற்றும்போது ரஷ்மி உதவிக்குப் போனாள். அவள் தூக்கப் போன பாத்திரப் பெட்டியை ஷெர்லி முந்திக்கொண்டு தூக்கினாள். அடுத்த சாமானையும் அப்படியே. ரஷ்மி கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தாள்.

குட்டிகள் கண் திறந்து, தத்தித் தத்தி நடந்து, பெட்டியை விட்டு வெளியே வரத் தொடங்கின. அப்போதுதான் அந்த மாற்றம் தெரிந்தது. நாளாக ஆக மூன்றுக்கும் ரோமம் நீண்டது. வால் குஞ்சம்போல விரிந்தது. கழுத்தைச் சுற்றிப் பஞ்சு கட்டியது. மூக்கும் சப்பையாக உள்வாங்கியது. நாட்டுக் கடுவனுக்குப் பிறந்திருந்தால் ரோமம் குட்டையாகத்தான் வரும் என்பது ரஷ்மிக்குத் தெரியும். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் என்று அவள் பிடித்து வைத்திருந்த சந்தேகத்துக்கும் இனி இடமில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் அந்தக் குட்டிகளின் பக்கம் போகாமல் நேரே அடுக்களைக்குப் போகத் தொடங்கினாள்.

ஒரு மாலை பிரைட்டன் வந்தார். ஸ்ரீனிவாசன் குறைப்பட்டுக்கொண்டதைக் கேட்டுத் தன் பூனையின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று வந்திருந்தார். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, முகத்தைத் திருப்பிப் பார்த்து, வாலை நீவிப் பார்த்தார். சந்தேகமே வேண்டாம், மூன்றும் தன் கடுவனுக்குப் பிறந்ததுதான் என்றார். செவலை தாய்வழி வந்தது, ஆண் குட்டிக்கு அப்படித்தான் வரும், பூனை வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்றார். காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

ஸ்ரீனிவாசன் கவனமாகக் கேட்டான். முகம் மலர்ந்துவிட்டது. அப்படியா, எனக்கு அப்பவே ஒரு எண்ணம் உண்டு என்றான். அன்று ராத்திரியே மூன்று குட்டிகளின் படமும் ஸ்டேட்டஸில் வந்தது.

படுக்கையை விரித்துக்கொண்டிருந்தபோது ரஷ்மி கேட்டாள்.

“அப்பம் அந்தப் பூனை?”

“எந்தப் பூனை?”

அவன் நடிக்கவில்லை. உண்மையிலேயே ஒரு நிமிடம் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

“அதுவா? அவியளக் காலி பண்ணச் சொல்லணும்னு அம்மை கொறே நாளாட்டுச் சொல்லிட்டுத்தான் இருந்தா. எப்பிடியோ போயாச்சு.”

ரஷ்மி விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் போன் வெளிச்சம் வெகுநேரம் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது.

கறுப்புப் பெட்டை திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. செவலையில் ஒன்றைச் சித்தப்பா மகன் எடுத்துக்கொண்டான். இன்னொரு செவலையை யாரும் கேட்கவில்லை. ரோமம் இருந்தாலும் தூரத்தில் பார்த்தால் தெருப் பூனை மாதிரி இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். யாராவது கேட்டால் கொடுத்துவிடு என்று ஸ்ரீனிவாசன் ரஷ்மியிடம் சொன்னான்.

ஷெர்லி கோட்டாறில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள் என்று கூடப் படித்த இன்னொருத்தி வழியாகத் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரஷ்மி அந்தக் குட்டியை ஒரு மூடிக்கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் மனதில் ஒரு இலேசு இருந்தது. போய் எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழுந்தாவது சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள். குட்டியைப் பார்த்தால் ஷெர்லி இளகிவிடுவாள் என்று நினைத்தாள்.

கதவைத் திறந்த ஷெர்லி உள்ளே வா என்று சொன்னாள். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள், தேயிலை போட்டுக் கொடுத்தாள். சகாயம் கடலுக்குப் போயிருக்கிறான் என்றாள். ரஷ்மியின் மகளைப் பற்றி விசாரித்தாள். எல்லாம் வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல இருந்தது. பழையபடி ஏட்டி என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

கூடைக்குள்ளிருந்து குட்டி கத்தியது. ரஷ்மி மூடியைத் திறந்தாள்.

“பிரைட்டன் வந்து பாத்துட்டுச் சொன்னாரு ஷெர்லி. மூணும் அவருக்க கடுவனுக்குப் பொறந்ததுதானாம். இத உனக்குக் குடுக்கலாம்னு கொண்டு வந்தேன்.”

ஷெர்லி குட்டியைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

“அவரு வந்து சொன்ன பெறவுதான் உனக்குத் தெரிஞ்சுதா?”

ரஷ்மி கூடைக்குள் கைவிட்டுக் குட்டியைத் தடவினாள்.

“மத்த ரெண்டும் எங்க?” என்று ஷெர்லி கேட்டாள்.

ரஷ்மி சொன்னாள். மேலதிகாரி, சித்தப்பா மகன்.

“இத யாரும் கேக்கல்ல, இல்லியா?”

அப்படியில்லை என்று ரஷ்மி அவசரமாகச் சொன்னாள். சொன்ன வேகத்திலேயே அது பொய் என்று தெரிந்தது. ஷெர்லி எழுந்துபோய் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. களைப்பாக இருந்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது, ரஷ்மி. அவரு செவலையப் பாத்தாரு, செவலைன்னாரு. உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் எனட்ட வந்து, கேட்டுக்கிட்டாவன்னு சொன்ன.”

“என்னால அங்க பேச முடியாது. உனக்குத் தெரியாததா?”

“பேசாண்டாம். முடியல்லன்னு எனட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் அதப் பூட்டியே வச்சிருப்பேன்.”

ரஷ்மி அழுதாள். ஷெர்லி தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. தேயிலை ஆறிப்போகிறது என்றாள். அழுது முடித்ததும் கூடையின் மூடியை அவளே எடுத்துச் சரியாக மூடி, ரஷ்மியின் கையில் கொடுத்தாள். இருட்டுவதற்குள் போனால் நேர் பஸ் கிடைக்கும் என்று சொல்லிப் படிவரை வந்து அனுப்பி வைத்தாள்.

குட்டி ரஷ்மி வீட்டிலேயே வளர்ந்தது. அழகம்மை அதை உள்ளறைக்குள் விடுவதில்லை. பத்தயப்புரைக்கு ஸ்ரீனிவாசனின் சொந்தக்காரர்கள் ஒரு குடும்பமாகக் குடிவந்துவிட்டார்கள். ரஷ்மி பலமுறை போன் செய்து பார்த்தாள். முதலில் மணி அடித்து ஓய்ந்தது, பிறகு அந்த எண்ணே கிடைக்காமல் ஆயிற்று. அவர்கள் எப்போதும் துணி எடுப்பது ஷெர்லி பில் போடும் கடையில்தான். அந்த வருடம் தீபாவளிக்கு அந்தக் கடை வேண்டாம், வேறு கடைக்குப் போகலாம் என்று ரஷ்மி சொன்னாள். ஏன் என்று ஸ்ரீனிவாசன் கேட்கவில்லை.